கட்டைவிரல் மறைத்த வரி

ஜூன் 12, 2024, புதன்

பள்ளி திறந்து மூன்றாம் நாள். தலைமையாசிரியை பிரேயரில் புது ஆண்டு, புது உற்சாகம், புது ஒழுங்கு என்று மூன்று புதுசுகளைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு கன்னமும் எரியத் தொடங்கிவிட்டன. மணி ஒன்பதேகால். அதையெல்லாம் பாளையங்கோட்டையில் யாரும் வெயில் என்று சொல்லமாட்டார்கள்.

பதினான்கு வருஷமாக இந்த மைதானத்தில் விசில் ஊதுகிறேன். சித்திரை மாதம் மண்டை பிளக்கிற நேரத்தில் குனிந்து கோகோ கோடு போட்டவள்தான். அப்போதெல்லாம் வெயில் முதுகில் விழும், வியர்வையோடு போய்விடும். இப்போது முகத்தைத் தேடி வருகிறது.

ஸ்டாஃப் ரூமில் கெசியா டீச்சர் சும்மா இருப்பாளா? "என்னா பி.டி., கன்னத்துல ரூஜா? லீவுல சாரோட எங்க போய்ட்டு வந்திய?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமில் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். மூக்கின் ஓரத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு. தாடையில் பூனைமுடி, மீசை அரும்பும் முன் பையன்களுக்கு வருமே, அந்த மாதிரி. இது எப்போது வந்தது? நான் ஏன் பார்க்கவில்லை?

பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் க்ரீம் போட்டேன். இந்த நோட்டிலாவது பொய் எழுத வேண்டாம்.

வீட்டுக்காரர் மகேஸ்வரனுக்கு ஆபீஸில் கிடைத்த டைரி இது. ஜனவரியிலிருந்து வெள்ளையாகவே கிடந்தது.

ஜூன் 15, சனி

தோல் டாக்டரம்மாவிடம் போனேன். இதற்கு முன்னால் போனது இரண்டு வருஷம் மூன்று மாசத்துக்கு முன்பு. அன்று எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு, மூக்குத்தண்டு வரை பரவிக் கறுத்துக் கிடந்தது. மைதானத்தில் நிற்கிறவளுக்கு வராமல் யாருக்கு வரும்? ஒரு ட்யூப் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் மங்கு போனது. ஐந்தாம் வாரம், நான் பிறந்தபோதுகூட இல்லாத நிறம் வந்தது.

ஆறு வாரம் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள். எதற்கு? அதுதான் சரியாகிவிட்டதே. சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, ட்யூப் தீரத் தீர மெடிக்கல் ஷாப்பில் போனை நீட்டினேன். அவர்களும் எடுத்துக் கொடுத்தார்கள்.

இன்று பழைய சீட்டைக் கொண்டுபோயிருந்தேன். டாக்டரம்மா அதை என் பக்கம் திருப்பிக் கடைசி வரியில் பேனா முனையை வைத்தார்கள். "இதை வாசிச்சீங்களா?"

இரவில் மட்டும். ஆறு வாரம் மட்டும். வெயிலில் போகக்கூடாது.

"வாசிச்சேன் டாக்டர்."

"வாசிச்சிட்டுமா ரெண்டு வருஷம் போட்டீங்க?"

அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. என் முகத்தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துவிட்டது. இனி சாதாரண வெயிலே சுடும். க்ரீமை நிறுத்தினால் முதலில் இன்னும் மோசமாகும், சிவக்கும், வீங்கும், நீர் வடியும். "அப்ப மறுபடி போட்டா ரெண்டே நாள்ல அடங்கிரும். அதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க. போட்டுறாதீங்க." எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். ஆறு மாசம், ஒரு வருஷம். முழுசாகப் பழையபடி ஆகுமா என்று கேட்டேன். சன்ஸ்கிரீன் போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். முகம், காது, கழுத்து. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி. அகல விளிம்புத் தொப்பி, குடை. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை வெளியே வரவே கூடாது.

நான் பி.டி. டீச்சர் என்று சொன்னேன்.

ஜூன் 17, திங்கள்

ட்யூபைக் குப்பையில் போட்டேன். இன்னும் பாதி இருந்தது.

ஜூன் 20, வியாழன்

குடை பிடித்துக்கொண்டு விசில் ஊதினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மாடியிலிருந்து பார்த்த தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "பிள்ளைகளுக்கு வெயிலு, டீச்சருக்குக் குடையா? பெத்தவங்க பார்த்தா என்ன சொல்லுவாவ?" டாக்டர் சீட்டைக் காட்டினேன். தலையை ஆட்டினார். ஆனாலும் குடை வேண்டாமாம், தொப்பி போதுமாம்.

வாட்ச்மேன் சங்கிலிபூதத்தான் ஒரு நாற்காலியை வேப்பமரத்தடியில் கொண்டுவந்து போட்டார். "இங்கன இருந்து ஊதுங்க டீச்சர். நிழல் நகர நகர நான் நாற்காலியை நகத்துதேன்." என்ன ஏதென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனுஷன்.

மூன்றாவது நாளே முகம் தக்காளி நிறத்துக்கு வந்துவிட்டது. சன்ஸ்கிரீன் போட்டாலே திகுதிகு என்கிறது. வெயிலிலிருந்து காப்பாற்ற வேண்டியதே சுட்டால் நான் என்னதான் பூசிக்கொள்வது?

ஜூன் 23, ஞாயிறு

இன்று நடந்ததை முழுசாக எழுதவேண்டும். எழுதினால்தான் யார் தப்பு என்று எனக்கே தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு என் முகம் வெளுத்ததும் சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்ல முடியாமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சீட்டைப் போட்டோ எடுத்துப் போட்டேன். அறுபத்துநாலு பேர் இருக்கிற குழு. இடது கையில் சீட்டு, வலது கையில் போன். வாலிபாலில் நகம் பிளந்து கோணலாக வளர்ந்த என் இடது கட்டைவிரல் சீட்டின் அடியில் நன்றாகத் தெரிகிறது. அந்த விரலுக்குக் கீழேதான் கடைசி வரி இருக்கிறது. இரவில் மட்டும், ஆறு வாரம் மட்டும், வெயில் கூடாது. மூன்றும் என் விரலுக்குக் கீழே.

நம் சனத்துக்கு மருத்துவச் சீட்டு என்றால் கல்யாணப் பத்திரிகை மாதிரி, கைக்குக் கை போகும். எவளோ ஒருத்திக்கு எழுதியதை வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எடுத்து நீட்டுவார்கள். கடைக்காரரும் பெயரைப் பார்ப்பதில்லை, தேதியைப் பார்ப்பதில்லை.

இன்று டவுனில் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது நாயகி, அக்கா மகள். பிரம்மநாயகி என்று பெயர் வைத்து அந்தப் பெயரை ஒருநாளும் முழுசாக யாரும் கூப்பிட்டதில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு நடை பழக்கியதும் சைக்கிள் பழக்கியதும் நான்தான். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை சிவசைலம், பாபநாசத்துக்காரன், கோயம்புத்தூரில் வேலை.

மாநிறமாக இருந்த பிள்ளை சுண்ணாம்பு அடித்த சுவர் போல நிற்கிறாள். கழுத்து பழைய நிறம். சித்திரை மாதத்திலிருந்து அதே ட்யூபைப் போடுகிறாளாம், பகலிலும் ராத்திரியிலும்.

"விட்டிரு நாயகி. இன்னைக்கே விட்டிரு. என் மூஞ்சியைப் பாரு."

"கல்யாணம் முடிஞ்சதும் விட்டிருதேன் சித்தி. ரெண்டு மாசம்தான."

அக்கா அடுக்களையிலிருந்தே சொன்னாள். "ஏட்டி அனு, உனக்கு வெளுத்தப்ப நல்ல மருந்து, எம்பிள்ளைக்கு வெளுத்தா கெட்ட மருந்தா? நீ நாள் பூரா வெயில்ல நிக்கே. அதான் உனக்கு இப்படி ஆச்சு. மருந்தைக் குத்தம் சொல்லாத." பொண்ணு பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மா "கொஞ்சம் நிறம் கம்மி, பரவால்ல" என்று சொன்னதை அக்கா இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து குழுவில் அந்தப் பழைய படத்தைத் தேடி அழிக்கப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு போட்டதை எல்லோருக்கும் அழிக்க முடியாதாம். சரி என்று சீட்டை முழுசாகப் புதுப் படம் எடுத்து, கடைசி வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, என் முகத்தையும் படம் எடுத்து, இதை யாரும் போடாதீர்கள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிப் போட்டேன்.

பதினோரு கும்பிடு. ஒரு இனிய ஞாயிறு வாழ்த்து. தூத்துக்குடி மைனி மட்டும் கேட்டாள்: "அனு, இது நம்ம ஊர்க் கடையில கிடைக்குமா?" இதுவரை அவளுக்கு ட்யூப் சமாச்சாரம் தெரியாதாம். உடனே இன்னொருத்தி "இதுல வட்டம் போட்டு எழுத்து தெரியல, பழசு தெளிவா இருக்கும்" என்று பழைய படத்தையே தேடியெடுத்துப் போட்டுவிட்டாள்.

ஜூலை 4, வியாழன்

முகம் வீங்கிக் கண் பாதிதான் திறக்கிறது. தாடையில் நீர் கோத்து வடிகிறது. தலையணை உறையைத் தினமும் துவைக்கிறேன். டாக்டரம்மா கொடுத்த வேறு களிம்பு எரிச்சலைக் கொஞ்சம் அடக்குகிறது, அவ்வளவுதான்.

டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டாள். இரண்டு ஸ்டாப் நின்றாள். இடம் காலியாகவே வந்தது.

மகேஸ்வரன், "விடு, பைய சரியாயிரும்" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் என் வெளுத்த முகத்தைப் பார்த்து எத்தனை போட்டோ எடுத்தார்! இப்போது ஒன்றுகூட எடுக்கவில்லை. எடுக்கவும் வேண்டாம்.

ஜூலை 19, வெள்ளி

குழாய்த் தண்ணீர் பட்டாலே எரிகிறது. சோப்பு நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே போட்டோ எடுக்கவேண்டுமாம். மாப்பிள்ளை ஊர்ப் பக்கம் என்று பாபநாசம் படித்துறையில் ஏற்பாடு. காலை ஆறு மணிக்கு எடுங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். போட்டோக்காரர் வந்ததே பத்தரைக்கு. ஆற்றுத் தண்ணீரில் வெளிச்சம் ஜிலுஜிலுவென்று தெரியவேண்டுமாம், அதற்கு உச்சி வெயில்தான் தோதாம்.

நான் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு நாயகிக்குக் குடை பிடித்தபடி படியில் நின்றேன். ஒவ்வொரு படத்துக்கும் "குடையை எடுங்கக்கா, படத்துல குடை விழுது" என்றார். எடுப்பேன். அவர் பொத்தானை அமுக்கியதும் ஓடிப்போய்ப் பிடிப்பேன். சிவசைலத்துக்கு வேடிக்கையாக இருந்தது. "உங்க சித்தி ரன்னிங் ரேஸ்ல நல்லா வருவாவ போல" என்றான் நாயகியிடம். தங்கமான பையன்தான், ஒன்றும் தெரியாது.

ஒரு மணிக்கு நாயகியின் கன்னம் இரண்டும் இரத்தச் சிவப்பு. "சித்தி, எரியுது" என்று என் காதில் மட்டும் சொன்னாள். ஆற்றுத் தண்ணீரைக் கைக்குட்டையில் நனைத்து வைத்தேன். அதைப் பார்த்த அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு வந்து, பையிலிருந்து ட்யூபை எடுத்து, அந்த வெயிலிலேயே அவள் முகத்தில் தேய்த்தாள். பத்து நிமிஷத்தில் சிவப்பு கொஞ்சம் தணிந்தது. பார்த்தியா என்கிற மாதிரி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அக்கா வந்திருந்தாள். காப்பி குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பித்தாள்.

"மாப்பிள்ளை அழைப்புக்கு ஆரத்தி நீதான் எடுக்கணும். நீ எடுக்காம வேற யாரு எடுப்பா? ஆனா அனு, இந்த மூஞ்சியோட தட்டைத் தூக்கிட்டு முன்னால நின்னா அவிய என்ன நினைப்பாவ? குடும்பத்துல ஏதோ வியாதி ஓடுதுன்னு நினைக்கமாட்டாவளா? உன்னைச் சொல்லல. நாயகிக்காவச் சொல்லுதேன்."

"அப்ப நான் வரல."

"வராம இருந்தா அதைவிடப் பேசுவாவ."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் அக்கா என் கையைப் பிடித்து எத்தனை வருஷம் ஆகிறது. "நாலு நாளு போடு. நாலே நாளு. அப்புறம் உன் இஷ்டம்."

மகேஸ்வரன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

போடமாட்டேன். இரண்டு மாசம் தாண்டிவிட்டேன். போடவேமாட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வாங்கிவிட்டேன். நாலு நாள் மட்டும்.

ஆகஸ்ட் 31, சனி

கல்யாணம் நேற்று முடிந்தது.

டாக்டரம்மா சொன்னது சரிதான், இரண்டே நாளில் அடங்கியது. வியாழக்கிழமை காலை கண்ணாடியில் பழைய அனுராதா. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, பளிச்சென்று இருந்தேன். சந்தோஷப்பட்டேனா? பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்றேன். பட்டுப்புடவைக்கு ஏற்ற பொட்டு தேடினேன்.

நலுங்கு வைக்கும்போது நாயகி கன்னத்தில் மஞ்சளும் சந்தனமும் தடவினார்கள். "அம்மா!" என்று ஒரு சத்தம். சிரித்தார்கள், புதுப்பெண்ணுக்கு வெட்கம் என்று. அது வெட்கம் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆரத்தி எடுத்தேன். எல்லோர் கண்ணும் என்மேல். பந்தியில் மொய்த்துக்கொண்டார்கள். நாள் முழுக்க மைதானத்தில் நிற்கிறவளுக்கு எப்படி இந்த நிறம்? நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "அந்தச் சீட்டுதான். நடுவுல விட்டா, அதான் கெட்டுப் போச்சு. திரும்பப் போட்டதும் பார்த்தியளா?" அந்தப் பழைய படத்தை என் வலதுபக்கம் இருந்தவளுக்கு அனுப்பினாள். அவள் எதிரே இருந்தவளுக்கு அனுப்பினாள். பந்தி பரிமாற வந்த பெண்கள்கூட இலைகளுக்கு நடுவில் நின்று போனை நீட்டினார்கள். டிங், டிங் என்று சத்தம்.

நான் சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டிருக்கலாம். எரநூறு பிள்ளைகளை ஒரு சத்தத்தில் நிறுத்துகிறவள் நான். ஏன் சொல்லல? ஏன் வாயை மூடிக்கிட்டு அவியலைப் பிசைஞ்சிக்கிட்டு இருந்தேன்? எல்லாரும் என்னையப் பார்த்தது எனக்குப் பிடிச்சிருந்தது. அம்புட்டுதான் காரணம். வேற ஒண்ணும் கிடையாது.

செப்டம்பர் 9, திங்கள்

நிறுத்திப் பத்து நாள். போன தடவையைவிட மோசம். நெற்றியிலும் வந்துவிட்டது. மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். ஸ்கூலுக்கு ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நாயகியை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்ததும் சொன்னபடியே விட்டிருக்கிறாள், பாவம். என்னிடம் கொடுத்த வாக்கு. சிவசைலம் கோயம்புத்தூரில் வீடு பார்க்கப் போக, இவள் பாபநாசத்தில் மாமியார் வீட்டில். புது மருமகள், சும்மா உட்காரலாமா? காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போவது, துணி காயப்போடுவது, மொட்டை மாடியில் வத்தல் போட்டுக் காக்கா விரட்டுவது. மூன்றாம் நாள் முகம் பழுத்துவிட்டது. நாலாம் நாள் தோல் உரிந்தது. வியாதியை மறைத்துக் கட்டிவைத்துவிட்டீர்கள் என்று மாமியார் பேச்சு. சிவசைலம் வந்து பார்த்தானாம். திரும்ப எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்லவில்லையாம்.

நான் போனபோது ஜன்னலை அடைத்துப் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டில் படுத்திருந்தாள். டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறேன் என்றேன். வருகிறேன் என்றாள். என்னைப்போலவே நீர் வடிகிற தாடை. இருபத்துமூன்று வயசு.

"சித்தி, நீங்க சொன்னிய. நான்தான் கேக்கல."

"அதை விடு தாயி."

"இல்ல சித்தி. கல்யாணத்துக்கு ரெண்டு நாளைக்கு முந்தியே விட்டுறணும்னு நினைச்சேன். படித்துறையில எரிஞ்சதுலேயே பயந்துட்டேன். வியாழக்கிழமை நீங்க பட்டுச்சேலை கட்டிட்டு உள்ள வந்திய பாருங்க. உங்க மூஞ்சி அப்படி இருந்துச்சு. சித்தியே போட்டிருக்காவ, அப்ப ஒண்ணும் செய்யாதுன்னு நினைச்சேன். அன்னைக்கு ரெண்டு தடவை கூடப் போட்டேன் சித்தி."

குறையாகச் சொல்லவில்லை. சும்மா நடந்ததைச் சொன்னாள். அதற்கப்புறம் தண்ணீர் கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா என்னோடு பேசவில்லை. நான் கண் போட்டுவிட்டேன் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சொல்லட்டும். அதுவும் ஒரு வகையில் நிஜம்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

எனக்கு நூலகப் பொறுப்பு. மைதானத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், ஸ்டெபி, இருபத்தைந்து வயசு இருக்கும். விசிலை அவளிடம் கொடுத்தேன். என் விசில் இல்லை, பள்ளிக்கூடத்து விசில்தான். தொப்பி போட்டுக்கொள் என்றேன். "எனக்கு வெயில் பழக்கம்தான் மேடம்" என்றாள்.

நூலக ஜன்னலுக்கு சங்கிலிபூதத்தான் பழைய செய்தித்தாள் ஒட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

நாயகியை மூன்றாவது தடவை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். ஒரே ஆட்டோவில் துப்பட்டா சுற்றிய இரண்டு பேர். ஆட்டோக்கார அண்ணாச்சி சேக் முகம்மது இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிட்டார், கேட்காமலே. பாபநாசத்திலிருந்து இன்னும் போன் இல்லை.

நவம்பர் 16, சனி

சன்ஸ்கிரீன் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் போகலாம் என்றால் மழை வரும் போல இருந்தது. மத்தியானமே முகத்தைச் சுற்றிக்கொண்டு மார்க்கெட் பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா. கையில் பை, காலில் காய்ந்த சேறு. சீவலப்பேரி பஸ்ஸுக்கு நேரமாகிறது, சீக்கிரம் கொடுங்க அண்ணாச்சி என்று போனைக் கடைக்காரரிடம் நீட்டினாள். கண்ணாடி உடைந்த போன். அதில் சீட்டு. மேலே என் பெயர். என் வயசு, முப்பத்தேழு. அடியில் என் விரல்.

"யாருக்கும்மா?" என்றேன்.

"மவளுக்கு. தை மாசம் கல்யாணம். நடவு, களையெடுப்புன்னு வயல்ல கிடந்து கறுத்துப் போனா."

"இதை வாங்காதீங்க. வெயில்ல நிக்கிற பிள்ளைக்கு இது ஆகவே ஆகாது. தோல் வெந்துபோயிரும்."

"யாரு சொன்னாக்கா? இது இங்கன பாளையங்கோட்டையில பி.டி. டீச்சர் போடுதது. நாள் பூரா வெயில்ல நிப்பாவளாம், மூஞ்சி மட்டும் பளிங்கு கணக்கா இருக்குமாம். மேல பேரு போட்டிருக்காம் பாருங்க, அனுராதான்னு."

"நான்தான் அந்த அனுராதா."

துப்பட்டாவை அவிழ்த்தேன். கடையில் வைத்து, பட்டப்பகலில், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை. கடைக்காரர் ட்யூபைக் கையில் வைத்தபடி நின்றார். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நெற்றி, கன்னம், தாடை என்று நிதானமாகப் பார்த்தாள். அருவருப்பு இல்லை. அழுதுவிடுவாள் போல இருந்தது.

"அடப் பாவமே. நீங்க வேற யாரோக்கா. அந்த டீச்சரை எங்க மைனியே பார்த்திருக்கா. ஆவணியில ஒரு கல்யாணத்துல பந்தியில இலை போட்டு விளம்பப் போனப்ப, ரெண்டு கண்ணால பார்த்தா. அவ்வளவு லட்சணமாம்." ட்யூபை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "உங்களுக்கு வெயிலு ரொம்பப் பொசுக்கிட்டு. நான் சொல்லுததைக் கேளுங்க. இதை ஒரு மாசம் போட்டுப் பாருங்க, எல்லாம் போயிரும். நம்பரைச் சொல்லுங்க, அனுப்பி வைக்கேன்."

இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். ஆறு வாரம் என்றேன், ஸ்டீராய்டு என்றேன், என் அக்கா மகள் என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், கொஞ்சம் புத்தி பேதலித்தவள் பேச்சைக் கேட்கிற மாதிரி. பிறகு மறுபடியும் நம்பர் கேட்டாள். சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவ்வளவு அன்பாகக் கேட்டாள்.

பஸ்ஸைப் பிடிக்க வெயிலில் ஓடினாள்.

வீட்டுக்கு வருவதற்குள் வந்துவிட்டது. பலமுறை பகிரப்பட்டது என்று மேலே போட்டிருக்கிறது. படத்துக்குக் கீழே ஒரு குரல் பதிவு: "அக்கா, நல்லாயிருவிய. நாலு பேருக்கும் அனுப்புங்க."

படத்தைப் பெரிதாக்கினேன். என் கட்டைவிரலை அந்தக் கட்டைவிரல் மேல் வைத்தேன். கோணல் நகம் சரியாகப் பொருந்தியது. எடுத்தேன். அடியில் படத்து விரல்தான் இருந்தது, அந்த வரி இல்லை.